முனியப்பனுக்கு வைத்த குவாட்டர்

அந்தப் பக்கம் வெயிலடிக்குமுங்க தம்பி, இப்படித் தள்ளி உக்காருங்க. பையக் காலுக்கடியில வெச்சுக்கோங்க. கண்டக்டருகிட்ட சேகோ பேக்டரிக்கு ஒண்ணுன்னு சீட்டுக் கேட்டீங்களே, காதுல உழுந்துச்சு. புதுச் சூப்பர்வைசரு நீங்கதானுங்களா? தலைய ஆட்டுங்க போதும். இந்த ரோட்டுல வாயத் தொறந்தா நாக்கக் கடிச்சுக்குவீங்க.

நெனைச்சேன். நான் தங்காயி. அந்தப் பேக்டரியிலதான், ஜவ்வரிசிக்கு அரைக்கற மரவள்ளிக் கெழங்குக்குத் தோலு சீவறேன். டிப்ளமா படிச்ச பையன் ஒருத்தரு வர்றாருன்னு மொதலாளி நேத்தே சொன்னாரு. அதுக்காக இந்த பஸ்ஸுல ஏறுனேன்னு நெனைச்சுக்காதீங்க. ராசிபுரத்துல ஒறம்பர, சொந்தக்காரங்க ஊட்டுல ஒரு சோலி. எந்த ஒறம்பரன்னு கேக்காதீங்க, எங்களுக்கு ஊரெல்லாம் ஒறம்பரதான்.

மொதலாளி உங்ககிட்டச் சம்பளத்தச் சொல்லியிருப்பாரு, தங்கறதுக்கு ரூமு உண்டுன்னு சொல்லியிருப்பாரு. முன்னாடி இருந்த சூப்பர்வைசரு ஏன் போனாருன்னு சொன்னாருங்களா? சொல்ல மாட்டாரு. நாஞ் சொல்றேன். நான் பொறணி பேசறவ இல்லீங்க, யார வேண்ணாலும் கேட்டுப் பாருங்க. நடந்தத நடந்தபடி சொல்லுவேன், அத்தோட உட்டுருவேன்.

அவரு பேரு கொழந்தவேலு. பேருதான் கொழந்த. ஆளு ஆறடி, மீச காது வரைக்கும் போகும். எங்க பேக்டரி கேட்டோரமா ஒரு முனியப்பன் செல இருக்குது. உக்காந்த சாமி, கையில கத்தி, முட்டக்கண்ணு. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா யாருக்குத் தேங்கா ஒடைக்கறதுன்னு உங்களுக்கே கொழப்பம் வந்துரும். 

அந்த முனியப்பனுக்கு அமாவாசைக்கு அமாவாச பூச. ஒரு சுருட்டு, ஒரு குவாட்டரு. பேக்டரியில யாருக்கும் அடிபடக்கூடாதுன்னு வெக்கறதுங்க அது. மிஷின் ஓடற எடமில்லீங்களா, காவலுக்கு ஒரு சாமி வேணுமில்ல. பூசாரி ஒருத்தரு வந்து போயிட்டிருந்தாரு. அவரு சீக்குல படுத்ததும், நானே பண்ணிக்கறேன்னு கொழந்தவேலு துண்ட இடுப்புல கட்டிக்கிட்டாரு. அன்னிக்குப் புடிச்சதுங்க சனியன்.

மொதல்ல அமாவாச மட்டுந்தான். அப்பறம் பௌர்ணமியும் நல்ல நாளுதானேன்னாரு. அப்பறம் செவ்வா, வெள்ளி. கெழங்கு லாரி எச்சா வந்தா சாமிக்கு நன்றி சொல்லோணும், வராட்டி சாமிக்கு என்னமோ கோவம்னு சொல்லிச் சாந்தி பண்ணோணும். கடைசியில முனியப்பனுக்குத் தெனமும் தாகம் எடுக்க ஆரம்பிச்சிருச்சு. காலையில வந்ததும் பாட்டலத் தொறந்து செலகிட்ட வெப்பாரு, கண்ண மூடி ஏதோ முணுமுணுப்பாரு, மூடியில துளியூண்டு மண்ணுல ஊத்துவாரு. மிச்சமெல்லாம் பிரசாதமாம். பிரசாதத்தக் கீழ ஊத்துனா பாவமாம். முனியப்பன் பாவம், வாசன புடிச்சதோட சரி.

குடிக்கட்டும், எனக்கென்னுங்க. எங்கப்பன் குடிக்காததா, எங்கூட்டுக்காரரு குடிக்காததா. அவங்கெல்லாம் குடிச்சுப்போட்டு ரோட்டோரமா உழுந்து கெடந்தாங்க. மிஷினுக்குச் சுச்சுப் போடலீங்களே.

இப்ப மிஷினப் பத்திச் சொல்லோணும். நீங்க படிச்சவரு, இருந்தாலும் கேட்டுக்கோங்க. நாங்க சீவுன கெழங்கு பெல்ட்டுல போயி அரவ மிஷின் வாயில உழுகும். உள்ளுக்க பல்லுப் பல்லா ஒரு உருள. அது சுத்துச்சுன்னா கெழங்கு பாலாயிரும். கெழங்கு, எலும்பு எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். சில நேரம் பெரிய கெழங்கு குறுக்கால மாட்டிக்கும். அப்ப மிஷின நிறுத்திட்டு, வாயில நிக்கற பொம்பள கைய உள்ள உட்டு எடுப்பா. சுச்சு இருக்கறது செவுத்துக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து பாத்தா மிஷின் வாயி தெரியாது. அதனால சூப்பர்வைசரு மொதல்ல மணியடிக்கோணும். உள்ள கை இருக்கறவ அதக் கேட்டுக் கைய எடுத்துட்டு, ஆச்சுன்னு சத்தம் குடுப்பா. அப்பறந்தான் சுச்சு. எம்மாஞ் சுலுவான வேல பாருங்க. குடிக்காதவனுக்குச் சுலுவு.

அந்த வாயில நிக்கறவ எங்க வசந்தாமணி. எந்தம்பி பொண்டாட்டி. தம்பிக்காரன் திருப்பூருக்குப் போறேன்னு போனான், போனவன் போனவன்தான். ரெண்டு பொட்டப் புள்ளைங்களோட நின்னவள நாந்தான் கூட்டிட்டு வந்து பேக்டரியில சேத்துனேன். தோலு சீவறதவிட மிஷின் வாயில கூலி எச்சு, நீ அங்கயே நில்லு ஆத்தான்னு நிக்க வெச்சதும் நாந்தான். அவ கை போச்சுன்னா அந்த ஊட்டுல அடுப்பு எரியாது. என் மூஞ்சிய நான் எங்க கொண்டு போயி வெக்கறது, சொல்லுங்க.

தைப்பொங்க நோம்பி முடிஞ்ச வாரம் ஒரு நாளு கெழங்கு மாட்டிக்கிச்சு. மிஷின நிறுத்துனாங்க. வசந்தாமணி மொழங்கை வரைக்கும் உள்ள உட்டு இழுத்து எடுத்துட்டா. கையில சுத்தியிருந்த துண்டு நழுவி உள்ள உழுந்துருச்சு. அத எடுக்கலாம்னு குனியறா, மிஷின் ஓடுது. மணியுமில்ல, கிணியுமில்ல. துண்டு போன வெசையப் பாத்திருந்தா நீங்க இன்னிக்கு இந்த பஸ்ஸுல ஏறியிருக்க மாட்டீங்க. நாரு நாராப் பாலோட கலந்து போயிருச்சு. அந்த ஜவ்வரிசியில எந்த ஊருல பாயசம் வெச்சுக் குடிச்சாங்களோ.

வசந்தாமணி மொதல்ல சிரிச்சா. அப்பறம் வெளிய போயி வாந்தி எடுத்தா. நான் நேரா சுச்சுக்கிட்டப் போனேன்.

"ஏனுங்க, மணி அடிக்கலீங்களே?"

"அடிச்சனே."

"அடிக்கலீங்க."

"தங்காயி, எங் கையால நானே அடிச்சேன். உனக்குக் காது மந்தம், போயி டாக்டரப் பாரு."

வாயத் தொறந்தா டாஸ்மாக்கே எதுக்க வருது. ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, அவரு பொய் சொல்லலீங்க. அதான் எனக்குப் பயம். பொய் சொல்றவன்னா நாலு பேரு முன்னால மடக்கிப் போடலாம். இவரு அடிச்சதா நெஜமாவே நம்பறாரு. மறுநாளு எங் காதுக்கிட்ட மணியக் கொண்டு வந்து டங்கு டங்குன்னு அடிச்சு, இப்பக் கேக்குதா, இப்பக் கேக்குதான்னு சோதன பண்ணுனாரு. பண்ணிட்டுப் போயி, மிஷினுக்கு மணியடிக்காம சுச்சப் போட்டாரு.

மொதலாளிகிட்டப் போனேன். அர்த்தனாரி நல்ல மனுசனுங்க, தப்புச் சொல்லக்கூடாது. முடிவு எடுக்கோணும்னா மட்டும் அவருக்குக் காச்சலு வந்துரும். எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு. கேட்டுப்போட்டு, "கொழந்தவேலு எங்க குடிக்கறான்? பூச பண்றான்"ங்கறாரு.

"பூச பண்ணிட்டுக் குடிக்கறாருங்க."

"சாமிக்கு வெச்சத யாராச்சும் எடுத்துக்கத்தான தங்காயி வேணும்? பூசைய நிறுத்துனா சாமி குத்தமாயிரும். காவலு போயிரும். அப்பறம் யாருக்காச்சும் கை கால் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

புரிஞ்சுதுங்களா தம்பி? எங்க கை போகாம இருக்கறதுக்காக அவரு குடிக்கறாராம். நாங்கதான் நன்றி கெட்டதுக.

ஆனா சும்மா சொல்லக்கூடாது. மறுவாரமே மொதலாளி பாதுகாப்பு ஏற்பாடு பண்ணிட்டாரு. ஆளுக்கொரு மஞ்ச ஹெல்மெட்டு. கை போற எடத்துல தலைக்குத் தொப்பி. கீழ குந்தி உக்காந்து கெழங்கு சீவற பொம்பள மேல என்னுங்க உழுகப் போகுது, காக்கா எச்சமா? கொண்ட மேல அது நிக்கவும் மாட்டீங்குது. எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு போட்டா எடுத்தாங்க. நடுவுல கொழந்தவேலு, அவரு ஹெல்மெட்டப் பின்பக்கம் முன்னால வர்ற மாதிரிப் போட்டிருந்தாரு. போட்டா எடுத்து முடிச்சதும் எல்லாத்தையும் திருப்பி வாங்கி குடோன்ல வெச்சுப் பூட்டிட்டாங்க. அழுக்காயிருமாம்.

மத்த பொம்பளைங்களும் வாயத் தொறக்கல. சாமி விசயம் பாருங்க. வசந்தாமணியே நாத்தனா எங்கிட்ட, "உடுங்க நங்கையா, இருக்கற வேலையும் போயிரும்"னுட்டா. அப்ப நீ தோலு சீவு, நான் மிஷின் வாயில நிக்கறேன்னு ஒரு நாளு அவ எடத்துல போயி நின்னேன். மத்தியானம் கெழங்கு மாட்டுச்சு. கைய உள்ள உட்டேன். உள்ள சில்லுன்னு இருக்குமுங்க, பால் ஈரம். செவுத்துக்கு அந்தப் பக்கம் அவரு என்ன பண்றாருன்னு தெரியாது. பாடறாரா, தூங்கறாரா, சுச்சு மேல சாஞ்சு நிக்கறாரா, ஒண்ணும் தெரியாது. ரெண்டு நிமிசந்தான் இருந்திருக்கும். எனக்கு முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டிருச்சு. இதத்தான் அவ தெனமும் பண்றா, என்ன நம்பிப் பண்றா. அன்னிக்கு ஊட்டுக்குப் போயி அழுதுட்டேன், சொல்றதுக்கு என்ன.

அதுக்கப்பறந்தான் மொதலாளிகிட்டப் போயி இன்னொரு வார்த்த சொன்னேன். "கொழந்தவேல யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. முனியப்பனையே கேட்டுருவோம். பாட்டலு வேணுமா வேண்டாமான்னு பூ வெச்சுப் பாக்கலாம்."

மொதலாளி மூஞ்சி அப்படியே மலர்ந்துருச்சு. அவரு முடிவெடுக்க வேண்டியதில்ல பாருங்க.

பூ வெச்சுப் பாக்கறது உங்க பக்கம் உண்டுங்களா? எங்க பக்கம் பொண்ணு பாக்கறதா இருந்தாலும் கெணறு வெட்டறதா இருந்தாலும் சாமிகிட்டப் பூ கேக்காமச் செய்ய மாட்டாங்க. வெள்ளப்பூ ஒண்ணு, செவப்புப்பூ ஒண்ணு. ரெண்டையும் தனித்தனியா எலையில மடிச்சு சாமி முன்னால போட்டு, சின்னக் கொழந்தய உட்டு ஒண்ண எடுக்கச் சொல்றது. வெள்ள வந்தா பாட்டல நிறுத்தறது, செவப்பு வந்தா இப்படியே நடக்கட்டும்னு பேச்சு. பூவ மடிக்கறது பூசாரி வேல. மடிக்கறப்ப வேற யாரும் பாக்கக்கூடாது. பூசாரி யாரு? கொழந்தவேலு. அவருக்கு ஒரே சந்தோசம், பூவும் அவரு கையில, சாமியும் அவரு கையில.

பூப் பறிச்சுட்டு வர்ற வேல எனக்கு. பேக்டரிக்குப் பொறத்தாண்ட அரளிச்செடி ரெண்டு இருக்குது, வெள்ள ஒண்ணு, செவப்பு ஒண்ணு. அன்னிக்குன்னு பாத்து செவப்பு பூக்கலீங்க. பூத்திருந்துச்சுன்னு வசந்தாமணி சொல்றா. எங் கண்ணுக்குத் தட்டுப்படல. என்ன பண்றது, ரெண்டு வெள்ளப் பூவ வாழ எலையில சுருட்டி அவரு கையில குடுத்துட்டேன். மடிக்கறவரு அவரு. கண்ணு இருக்குது, பாத்துத் திருப்பிக் குடுத்திருக்கலாமில்ல? இதுல எந் தப்பு ஒண்ணுமில்லீங்க.

அதுக்குள்ள அன்னிக்குப் பிரசாதமும் முடிஞ்சிருந்துச்சு. துண்டப் போத்தி மூடிக்கிட்டு, ரொம்ப நேரம் மடிச்சாரு. மடிச்சு முடிச்சு எந்திரிச்சு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு, "ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ள. எங் கையால மடிச்சிருக்கேன்."

கணக்குப்புள்ளையோட சின்னப் பொண்ணு ஓடிப் போயி ஒண்ண எடுத்துட்டு வந்துச்சு. மொதலாளி பிரிச்சாரு. வெள்ள.

பொம்பளைங்க எல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. கொழந்தவேலு, "அந்தப் புள்ள சிரிச்சுக்கிட்டே எடுத்துச்சு, செல்லாது, மறுக்கா போடோணும்"ங்கறாரு. நான் சொன்னேன், "மறுக்கா போடலாமுங்க. அதுக்கு முன்னால இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துருங்க மொதலாளி, மனசுக்குத் திருப்தியா இருக்கும்." பிரிச்சாரு. அதுவும் வெள்ள.

"கொழந்தவேலு, செவப்பு எங்கடா?"ன்னாரு மொதலாளி.

"அதானுங்களே இது."

"இது வெள்ளடா."

கொழந்தவேலு அந்தப் பூவ வாங்கிக் கண்ணுகிட்ட வெச்சுப் பாத்தாரு. தூர வெச்சுப் பாத்தாரு. "மடிக்கறப்ப செவப்பாத்தானுங்க இருந்துச்சு. சூட்டுல வெளுத்துருச்சாட்ட இருக்குது"ன்னாரு. சத்தியம் பண்ணறாரு, முனியப்பன் மேல, பெத்த தாயி மேல.

நான் கத்தலீங்க. மெதுவாத்தான் சொன்னேன். "மொதலாளி, இப்படித்தானுங்க இவரு மணியும் அடிக்கறாரு."

மொதலாளி என்னப் பாத்தாரு, பூவப் பாத்தாரு. அப்பத்தானுங்க அந்த மனுசனுக்கு மண்டையில ஏறுச்சு. இத்தன நாளு நான் சொன்னது ஏறல, பூ சொன்னது ஏறிருச்சு.

கொழந்தவேலு உடுவாரா. ரோசம் வந்துச்சா, சாமி வந்துச்சான்னு தெரியல, ஒரு கத்து கத்துனாரு. ஒடம்ப முறுக்கறாரு, நாக்கத் துருத்தறாரு, மண்ண வாரித் தலையில போட்டுக்கறாரு. "முனியப்பன் வந்திருக்கேன். எம் பங்கத் தடுக்கறவ யாருடி?" பொம்பளைங்க பொத்துப் பொத்துன்னு கால்ல உழுந்தாளுக. மொதலாளி சூடத்தத் தேடறாரு. பொய் சொல்ல மாட்டேன் தம்பி, எனக்கும் கை தானாக் கும்புடப் போச்சு. சாமியாச்சே. நெஜமாவே வந்திருந்தா?

அப்பப் பாத்து வசந்தாமணியப் பாத்தேன். கையத் தலைக்கு மேல தூக்கிக் கும்புட்டுக்கிட்டு நிக்கறா. அந்தக் கையப் பாத்தேன். அத்தன வெரலும் முழுசா இருந்துச்சுங்க. அதப் பாத்ததும் எனக்குப் பயம் போயிருச்சு.

"சாமி, உங்க பங்க யாரும் தடுக்கல. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்"னேன். "நீங்க முனியப்பன்னா உங்க கைய எந்த மிஷினும் ஒண்ணும் பண்ணாது. வாங்க சாமி, அரவ மிஷின் வாயில கைய உட்டுக்கிட்டு நில்லுங்க. நான் மணியடிக்காம சுச்சுப் போடறேன். கை வெளிய முழுசா வந்துச்சுன்னா, குவாட்டரு என்னுங்க, தெனமும் புல்லு பாட்டலா நானே வாங்கி வெக்கறேன்."

சொல்லிப்போட்டு சுச்சுப் பக்கம் நடந்தேன். திரும்பிப் பாக்கறேன், சாமி மலையேறிருச்சு. அத்தன வெசையா ஒரு சாமி மலையேறி நான் பாத்ததே இல்லீங்க. துண்டால மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு, என்ன ஆச்சு, ஏன் எல்லாரும் என்னையப் பாக்கறீங்கன்னு கேக்கறாரு.

அன்னிக்கோட அவரு சூப்பர்வைசரு இல்ல. ஆனா வேலய உட்டு எடுக்கலீங்க. அத்தன வருசம் கூட இருந்தவன நடுத்தெருவுல உடறதான்னு மொதலாளிக்கு மனசு கேக்கல. இப்ப மொதலாளி காருக்கு டிரைவரு. வேண்டாமுங்கன்னு நாஞ் சொன்னேன். கேட்டாத்தான. போன வாரம் பேக்டரி கேட்டுல கொண்டு போயி இடிச்சு முன்னால லைட்டு போச்சு. கேட்டு தொறந்திருந்துச்சுன்னு கொழந்தவேலு சத்தியம் பண்றாரு.

முனியப்பனுக்கு இப்ப பன்னீர் சோடா. அவரு ஒண்ணும் கோவிச்சுக்கல. பூச முடிஞ்சதும் அத நாந்தான் எடுத்துக்கறேன். பிரசாதத்தக் கீழ ஊத்தக்கூடாதில்லீங்களா.

மணியும் சுச்சும் இப்ப எங்கிட்டத்தான் இருக்குது. நான் ஒண்ணும் கேட்டு வாங்கல. ஆளு வர்ற வரைக்கும் நீயே பாத்துக்க தங்காயின்னாரு மொதலாளி, பாத்துக்கறேன். ஒருத்திக்கு நகங்கூடப் பேரல. உங்களுக்கு முன்னால ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தரு மத்தியானம் சாப்பிட்ட கையோட வயித்து வலின்னு போயிட்டாரு. இன்னொருத்தரு, அவரு தண்ணி பாட்டல நான் மோந்து பாத்தேன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. படிச்சவங்களுக்கு இம்மாங் கோவம் ஆகாதுங்க. அதனாலதான் இப்பெல்லாம் எதுன்னாலும் பஸ்ஸுலயே சொல்லிடறது.

அப்ப, சித்த வாய ஊதுங்க பாக்கலாம். வெக்கப்படாதீங்க, எனக்கு உங்க வயசுல பேரன் இருக்கான். ஊதுங்க. ம். இட்லியும் சட்னியுந்தான். அந்தப் பையில நீட்டமா என்னுங்க, கொடையா? சரி, சரி, கொடைதான்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. போனதும் மொத வேலையா நீங்க மிஷின் வாயில கைய உடோணும். மொழங்கை வரைக்கும். மிஷின் நின்னுட்டுத்தான் இருக்கும், பயப்படாதீங்க. சுச்சுக்கிட்ட நாந்தான் நிப்பேன். கொஞ்ச நேரம் அப்படியே வெச்சுக்கிட்டு நில்லுங்க. வந்த ரெண்டு பேருகிட்டயும் இதத்தான் சொன்னேன். அதுக்கப்பறம் நீங்க மணியடிக்க மறக்கவே மாட்டீங்க.

என்னுங்க, எந்திரிச்சுட்டீங்க? நம்ம ஸ்டாப்பு இன்னும் வல்லீங்களே. இது காட்டுக்கொட்டாய்ப் பிரிவு, இங்க எறங்குனா நாய்தான் இருக்கும். போனு வந்திருக்குதா, எறங்கிப் பேசறீங்களா? பேசுங்க, பேசிட்டு வாங்க. எதுக்குங்க பையத் தூக்கறீங்க?

கண்டக்டரு தம்பி, சித்த நிறுத்தி வைங்க. அவரு ஏறோணும். ஏறலீங்களா? எதுக்கால வர்ற ராசிபுரம் பஸ்ஸுக்குக் கையக் காட்டறாரா? நல்லாப் பாருங்க.

போயிட்டான். நல்ல பையனாட்டந்தான் இருந்தான். குடிக்காதவன் எதுக்குங்க ஓடோணும்? எனக்கென்னமோ அந்தக் கொட மேலயே சந்தேகம். இவனோட மூணு ஆம்பளைங்க ஆச்சு, நின்ன மிஷினுல கைய வெக்க ஒருத்தனுக்குத் துணிச்சலில்ல. எங்க வசந்தாமணி தெனமும் வெக்கறாளுங்க.

சரி, ரைட்டுக் குடுங்க தம்பி, எனக்கு நேரமாச்சு. நான் வர்ற வரைக்கும் மிஷின் வாயில கைய உடாதேன்னு அவகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன். கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டிருப்பா.